அண்ணி விளக்குமாற்றைத் தொடாத ஒரு மணி நேரம்

என் அண்ணி அமுதவள்ளி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். கையுறைக்குள் காற்றடித்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஓட்டை தேடும் அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வதில்லை. நான் கழுவி வைத்த கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். திரும்பக் கழுவுவார். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கும்.

அவர் என் அண்ணன் கமலநாதனின் மனைவி. அண்ணன் லோரி ஓட்டுகிறார், கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்கும் பினாங்குக்கும். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அவர்களோடுதான் இருக்கிறேன். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது, சனி ஞாயிறுகளில் வீடு சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கினார். முதலில் செய்தது ஊதா நிறத்தில் இரண்டு டி-சட்டை அடித்ததுதான். முதுகில் 'அமுதம் கிளீனிங்' என்று எழுதியிருந்தது.

"நீதான் ஸ்டாஃப்," என்றார்.

"அப்ப நீங்க?"

"நான் டைரக்டர் லா."

டைரக்டரும் ஸ்டாஃபும் பழைய கஞ்சில் காரில் மோப்புகளின் குச்சியை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு கிள்ளான் முழுவதும் சுற்றினோம். வாடிக்கையாளர்கள் எல்லாம் நம் ஆன்டிகள். நம் ஆன்டிகளின் வீட்டைச் சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீடு அழுக்காக இருக்காது, அதுதான் கஷ்டமே. நாங்கள் ஒன்பது மணிக்கு வருகிறோம் என்றால், ஆறு மணிக்கே எழுந்து அவர்களே கூட்டித் துடைத்து வைத்துவிடுவார்கள். புக்கிட் திங்கியில் வள்ளியம்மா ஆன்டி என்று ஒருவர். நாங்கள் போகும்போது மூச்சு வாங்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவைத் திறப்பார். தரை ஈரமாக இருக்கும்.

"ஏன் ஆன்டி நீங்க செஞ்சீங்க? நாங்க எதுக்கு வரோம்?" என்பார் அண்ணி.

"வெளி ஆளு வர வீட்ட இப்படியா போட்டு வச்சிருக்கறதுன்னு நீங்க நினைக்கக்கூடாதில்ல?"

பிறகு அவரே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேல ஒண்ணும் பெருசா இல்லையேம்மா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்ல?" என்பார். அதற்குள் தோசை வந்துவிடும். சாப்பிடாமல் மோப்பைத் தொட முடியாது. சாப்பிட்டு முடித்தால் மகள் கல்யாண ஆல்பம் வரும். ஆல்பத்தில் பாதி முடிவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வரும், அந்த ஆன்டியும் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காரில் அண்ணி ஸ்டியரிங்கைத் தட்டினார். "இவங்களுக்கு கிளீனர் வேணாம் தாமர. யாராவது வீட்டுக்கு வந்தா போதும். இனிமே ஆள் இல்லாத வீடா பாக்கணும்."

அப்படிப் பார்த்துப் பிடித்ததுதான் பிரிக்ஃபீல்ட்ஸ் வேலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஒன்பது வீடுகளை ஜாவித் என்பவர் ஹோம்ஸ்டேயாக நாள் வாடகைக்கு விடுகிறார். முப்பது வயது இருக்கும். இரண்டு போன் வைத்திருப்பார், இரண்டும் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

"சிம்பல் அக்கா. பன்னெண்டு மணிக்கு கெஸ்ட் வெளிய. மூணு மணிக்கு அடுத்த கெஸ்ட் உள்ள. நடுவுல இருக்கறது உங்க நேரம். மூணு வீட்ட ஒரு மாசம் செஞ்சு காட்டுங்க. சரியா இருந்தா ஒம்பதும் உங்களுக்கு. லேட்டாச்சுன்னா காஜாங்ல ஒரு டீம் ரெடியா இருக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

"லேட்டா? எங்க அகராதியிலயே கெடையாது தம்பி," என்றார் அண்ணி.

மறுநாளே தொழிற்சாலையில் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் செய்யலாமே என்று நான் முணுமுணுத்தேன். காதில் விழவில்லை. நாற்பத்தேழு வயதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தத் தொழிற்சாலை திரும்பக் கூப்பிடாது. ஒன்பது வீடு கிடைத்தால்தான் நாங்கள் ஒரு கம்பெனி. கிடைக்காவிட்டால் வள்ளியம்மா ஆன்டியின் தோசைதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டாவது மாடி, முதல் வீடு. விருந்தாளிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனார்கள். லிஃப்ட் கதவு மூடியதும் நான் விளக்குமாற்றை எடுத்தேன். அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

"இரு. இப்பத்தான் போறாங்க."

"அதுக்குத்தானே அண்ணி வந்திருக்கோம்?"

"ஒரு ஆளு பயணம் கெளம்பி வாசல் தாண்டல, அதுக்குள்ள கூட்டுவியா? பொணம் தூக்குன வீட்டத்தான் அப்படி உடனே கூட்டிக் கழுவுவாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் இது இருபது வருடப் பழக்கம். அண்ணன் லோரி எடுத்துக்கொண்டு கிளம்பினால், முதலில் வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து அவர் போன் போடும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது, கழுவக்கூடாது, குப்பையை வெளியே கொட்டக்கூடாது. வழியில் தாப்பாவில் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் அண்ணன் போன் போடுவார். அதுவரை எங்கள் வீட்டில் தலைமுடியும் தூசியும் அப்படியே கிடக்கும். நானும் இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் ஹோம்ஸ்டே என்றால் என்ன? ஒருவர் கிளம்பியவுடன் கூட்டிக் கழுவும் வேலை. அது ஒன்றுதான் வேலை. அதற்காக வேலையை விட்டுவிட்டு வந்தவர், இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

"அண்ணி, அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது."

"தெரியாதவங்கன்னா என்ன? அவங்களுக்கும் வீட்டுல ஒருத்தங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

விரிப்புகளை உருவினோம். கண்ணாடி துடைத்தோம். ஃபிரிட்ஜைத் துடைத்தோம். தரையைத் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம். அது இருபது நிமிடத்தில் முடிந்தது. பிறகு அண்ணி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாவித் கொடுத்த பட்டியலில் விருந்தாளிகளின் எண்கள் இருந்தன. 'போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க' என்று ஒவ்வொருவருக்கும் அனுப்பியிருந்தார். பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் என்றால் கால் மணி நேரத்தில் பதில் வந்துவிடும். விமான நிலையம் என்றால் ஒரு மணி நேரம். நல்ல வேளை, சென்னையில் போய் இறங்கும்வரை காத்திருக்கவில்லை. அண்ணன் கணக்குப்படி முதலில் நிற்கும் இடம் போதும்.

"போன் போட்டுக் கேட்டுடலாமே அண்ணி?"

"போறவங்கள பின்னாலேருந்து கூப்புடக்கூடாது. அதுவும் தெரியாதா உனக்கு?"

மெசேஜ் போடலாம், கூப்பிடக்கூடாது. இந்தச் சட்டத்தை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மூன்றாவது வீட்டில் புது விருந்தாளிகள் ஈரத் தரையில் பெட்டியோடு நின்றார்கள். படம் எடுத்து ஜாவித்துக்கு அனுப்பினார்கள். ஜாவித் எங்களுக்கு அனுப்பினார். படத்துக்குக் கீழே கேள்விக்குறி மட்டும் மூன்று.

"மெஷின் மக்கர் பண்ணிருச்சு தம்பி," என்று அண்ணி போனில் சொன்னார். எங்களிடம் மெஷினே கிடையாது.

இரண்டாவது வாரமும் இதே கதை. இந்த முறை நெடுஞ்சாலையில் ஜாம் என்றார். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணி அடுத்த வீட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நான் இருந்த வீட்டிலிருந்து சிங்கப்பூர்த் தம்பதி ஒன்று, கைக்குழந்தையோடு விமான நிலையத்துக்குக் கிளம்பியது. கதவு மூடியதும் நான் உள்ளே தாழ் போட்டேன். கூட்டினேன், துடைத்தேன், குளியலறையைக் கழுவினேன், குப்பையைக் கட்டினேன். பன்னிரண்டே முக்காலுக்குத் தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. அந்த வேலையில் சேர்ந்து அன்றுதான் எனக்கு மூச்சு நேராக வந்தது.

ஒன்றரை மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தத் தம்பதி. குழந்தை தோளில் அழுதுகொண்டிருந்தது. போன வண்டி பாதி வழியில் புகை விட்டு நின்றுவிட்டதாம், இனி விமானத்தைப் பிடிக்க முடியாதாம், இன்னும் ஒரு நாள் தங்க இடம் இருக்குமா என்று கேட்டார்கள். சத்தம் கேட்டு அண்ணி வந்தார். அவர்களைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

ஜாவித்தைக் கூப்பிட்டு அவர்களுக்கு வேறு வீடு பிடித்துக் கொடுத்தார், குழந்தைக்குப் பால் காய்ச்சினார். சாயங்காலம் காரில் ஷா ஆலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. அதுவரைக்கும் நல்லது."

"ரேடியேட்டர் பழசு அண்ணி. அந்த டிரைவரே சொன்னாராம்."

"ஆமா லா. ரேடியேட்டர்தான்."

அந்த 'லா'வை அவர் சொன்ன விதத்தில் எனக்குக் காரிலிருந்து இறங்கி கிள்ளானுக்கு நடந்தே போய்விடலாம் போல இருந்தது.

நாலாவது ஞாயிறுதான் கடைசி. ஜாவித் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். "அக்கா, இன்னிக்கு ரெண்டரைக்கு நானே வந்து பாக்கறேன். மூணு வீடும் ரெடியா இருக்கணும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் இரண்டு வீட்டு விருந்தாளிகளும் அன்று ரயிலில் போகிறவர்கள். சீக்கிரமே பதில் போட்டுவிட்டார்கள். ஒன்றரைக்கு இரண்டு வீடும் முடிந்துவிட்டன. மூன்றாவது வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். சுங்கை பட்டாணியிலிருந்து கண் டாக்டரைப் பார்க்க வந்த ராஜன் அங்கிளும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். பதினொன்றரைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியவர்கள். அண்ணி அனுப்பிய மெசேஜ் போய்ச் சேர்ந்திருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

விரிப்பு, கண்ணாடி, ஃபிரிட்ஜ் எல்லாம் முடிந்தது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். தரை முழுவதும் முறுக்குத் தூள் கிடந்தது. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

"அண்ணி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எங்கயோ போய்ச் சேர்ந்திருப்பாங்க."

"அப்ப ஏன் மெசேஜ பாக்கல? வயசானவரு. கண்ணுல மருந்து வேற ஊத்தியிருப்பாங்க."

"நீங்க வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க அண்ணி."

"தெரியும்."

"காஜாங்காரங்க வந்துருவாங்க."

"வரட்டும். நான் ஒருத்தர் பயணத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு கம்பெனி நடத்த மாட்டேன்."

இப்படிப் பேசினாலும் அவர் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. விரலால் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் அதுவரை போன் செய்ததே கிடையாது. பல் டாக்டரிடம் நாள் கேட்பதற்குக்கூட அண்ணிதான் பேசுவார். எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினேன். கடைசியில் மணி அடித்தது. ராஜன் அங்கிளின் மனைவி எடுத்தார்.

"யாரு?"

"ஆன்டி, நான்... வீடு... கிளீனிங்..."

"என்னம்மா? ஏதாச்சும் விட்டுட்டு வந்துட்டோமா? அவரு பல்லுசெட்டா?"

"இல்ல ஆன்டி. நீங்க... போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"எங்க போறது? இந்த மனுஷனோட எங்கயாச்சும் நேரத்துக்குப் போக முடியுமா? பெட்டிய செக்யூரிட்டி கார்டுகிட்ட குடுத்துட்டு கீழ எல சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கேன். ரசம் மூணு தடவ வாங்கிக் குடிச்சாரு. இப்ப முடிவெட்டிக்கிட்டு வரேன்னு பக்கத்துக் கடைக்குப் போயிருக்காரு. நாலு மணி ரயிலு. நீயே சொல்லு, கண்ணு பாக்க வந்தவருக்கு முடி எதுக்கு?"

"சரி ஆன்டி," என்று வைத்துவிட்டேன். உள்ளே வந்து, "கீழதான் இருக்காங்க. இன்னும் கெளம்பவே இல்ல," என்றேன்.

அண்ணி தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"பெட்டி?"

"கீழ கார்டுகிட்ட குடுத்து வச்சிருக்காங்களாம்."

"பெட்டி கார்டுகிட்ட. அவரு முடிவெட்டற கடையில." ஒரு நொடி யோசித்தார். தொழிற்சாலையில் ஓட்டை கண்டுபிடித்தபோதும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். "அப்ப பயணமே இன்னும் ஆரம்பிக்கல தாமர! போறதுக்கு முன்னாடி கூட்டலாம். போனப்புறம்தான் கூட்டக்கூடாது. எடு, எடு, வெளக்குமாத்த எடு!"

அவர் வரவேற்பறையைக் கூட்டினார், நான் குளியலறைக்குள் பாய்ந்தேன். "அங்கிள் தலையில நெறய முடியா?" என்று அங்கிருந்து கத்தினார். "கொஞ்சந்தான்!" "அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும், ஓடு!" நான் சோப்பு நுரையில் சறுக்கி வாளியோடு உட்கார்ந்தேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு முப்பத்திரண்டுக்கு ஜாவித் வந்தபோது குளியலறைத் தரை மட்டும் ஈரமாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். இழுப்பறைகளைத் திறந்தார். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். வள்ளியம்மா ஆன்டிகூட அவ்வளவு பார்த்ததில்லை.

"இந்த மாதிரி கிளீனா நான் பாத்ததே இல்ல," என்றார். "அப்புறம் ஏன் அக்கா மூணு வாரமா லேட்டு? மெஷினு, ஜாம்னு என்னென்னமோ சொன்னீங்க. காஜாங்காரங்க சுமாராத்தான் செய்வாங்க, ஆனா நேரத்துக்கு முடிப்பாங்க. நெசத்த சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அவரே சொன்னார், முதலிலிருந்து, அண்ணன் லோரியும் தாப்பாவும் உட்பட. ஜாவித் கையிலிருந்த இரண்டு போன்களும் அடித்தன. அவர் எடுக்கவில்லை.

"எங்க உம்மாவும் இப்படித்தான் அக்கா. வாப்பா வெளியூரு போனா அன்னிக்கு வெளக்குமாத்தையே ஒளிச்சு வச்சிருவாங்க." பெருமூச்சு விட்டார். "ஆனா எங்க உம்மா ஹோம்ஸ்டே கம்பெனி நடத்தல."

"இனிமே லேட்டாகாது தம்பி. வழி கண்டுபிடிச்சாச்சு."

"என்ன வழி?"

"அது எங்க கம்பெனி ரகசியம்."

அடுத்த வாரம் ஒன்பது வீடும் எங்களுக்கு வந்தன. மாதவி, தங்கமணி என்று இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் ஊதா டி-சட்டை அடித்தாயிற்று. கம்பெனி ரகசியம் என்று அண்ணி சொன்னது வேறொன்றும் இல்லை, நான்தான்.

ஏற்பாடு இதுதான். விருந்தாளிகள் பதினொன்றரைக்கே பெட்டியோடு கீழே வந்துவிட வேண்டும். பெட்டி கார்டிடம் இருக்கும். பக்கத்துக் கடையில் அவர்களுக்கு எங்கள் கணக்கில் ஒரு டீ. அவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் மேலே அண்ணியும் மற்றவர்களும் கூட்டிக் கழுவிவிடுவார்கள். அதாவது, பயணம் ஆரம்பிப்பதற்கு முன்னால். இதில் ஓட்டையே கிடையாது என்று அண்ணிக்கு அவ்வளவு பெருமை. அவர்கள் டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கூட்டும் வேலையை விட்டுவிட்டு, நாள் முழுவதும் லாபியில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும்.

"எனக்குப் பேச வராது அண்ணி."

"அன்னிக்கு பால்கனியில பேசுனியே?"

போன சனிக்கிழமை ஓர் ஆன்டி டீயே வேண்டாம் என்றுவிட்டார். அவர் கூப்பிட்டிருந்த கிராப் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். நான் மேலே போன் செய்தேன். "பாத்ரூம் பாக்கி, விடாத, விடாத," என்றார் அண்ணி. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் அந்த ஆன்டியின் பெட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்டி, ஒரு அஞ்சு நிமிஷம்."

"ஏம்மா? பில்லு ஏதாச்சும் பாக்கியா?"

"இல்ல ஆன்டி."

"பின்ன என்ன? விடு பெட்டிய. பஸ்ஸு போயிரும்."

"மேல... கூட்டிக்கிட்டு இருக்காங்க ஆன்டி."

சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பைத்தியக்காரக் கம்பெனி என்று திட்டப் போகிறார், ஜாவித்திடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திறந்திருந்த கார்க் கதவைப் பார்த்தார், மேலே பதினெட்டாவது மாடிப் பக்கம் பார்த்தார். பிறகு பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் கனமாக உட்கார்ந்தார்.

"இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? நான் பாட்டுக்கு ஏறிப் போயிருப்பேனே! என்ன பொண்ணு நீ, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

டிரைவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் நம்மவர்தான். அவருக்கு அடுத்த சவாரி இருக்கும், கத்தப் போகிறார் என்று பயந்தேன். அவர் உள்ளே குனிந்து எஞ்சினை அணைத்தார். கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"அவசரமில்ல தங்கச்சி," என்றார். "கூட்டி முடிச்சதும் சொல்லுங்க."